கீழ்ப்பாக்கத்தில் லெந்து கால உவமை வகுப்பு: ஒரு மதிப்புரை

கீழ்ப்பாக்கத்தில் உள்ள ஒரு திருச்சபையின் கூடத்தில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் இயேசுவின் உவமைகளைப் பற்றிய வேதபாட வகுப்பு நடைபெறுகிறது. கட்டணம் இல்லை, பிற சபையாரும் வரலாம். வகுப்புகளின் தரம் வாரத்துக்கு வாரம் மாறினாலும், திராட்சத்தோட்டக் கூலியாட்களைப் பற்றிய ஒரு மாலைக்காகவே இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் மட்டுமே வரும் அந்த உவமையை, வகுப்பை நடத்திய அம்மையார் முந்தைய அதிகாரத்தின் இறுதியிலிருந்து தொடங்கினார். எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று இயேசுவின் சீடர் பேதுரு கேட்டதற்குப் பின்புதான் இந்தக் கதை சொல்லப்படுகிறது. விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும் வேளையில் வந்தவனுக்கும் ஒரே பணம்தான் கூலி என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் முதலில் வந்தவர்களுக்கு முதலிலேயே கொடுத்து அனுப்பியிருந்தால், பேசிய கூலியை வாங்கிக்கொண்டு அவர்கள் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றும், கடைசி ஆளிலிருந்து தொடங்கும்படி எஜமான் சொன்னதால்தான் முறுமுறுப்பே எழுகிறது என்றும் அவர் சுட்டிக்காட்டியபோது, கூடத்தில் பலர் வேதாகமத்தை மறுபடியும் புரட்டினார்கள்.

பிறகு, நம் சென்னைச் சாலை முனைகளில் காலையில் மேஸ்திரிக்காகக் காத்து நிற்கும் கொத்தனார்களையும் சித்தாள்களையும் நினைவுபடுத்தி, பத்து மணிக்குப் பிறகும் அங்கே நிற்பவர் யார் என்று கேட்டார். வயதானவர்கள், உடம்பு முடியாதவர்கள் என்று பதில் வந்தது. கட்டட ஒப்பந்ததாரராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்து, "அம்மா, இப்படிக் கூலி கொடுத்தால் மறுநாள் காலையில் ஒருத்தனும் வரமாட்டான்" என்றார். "அந்தக் கவலை எஜமானுக்கு இருக்கிறதா என்று வசனத்திலேயே பாருங்கள், ஐயா" என்றதோடு அம்மையார் நிறுத்திக்கொண்டார். விளக்கம் சொல்லிக் கேள்வியை மூடிவிடாத இந்தப் பொறுமையே வகுப்பின் பலம். எத்தனை ஆண்டு ஊழியம் செய்தோம் என்ற கணக்கை வைத்து உரிமை கேட்கும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பது, சபை நிர்வாகக் குழுவுக்கான சேகரத் தேர்தலை ஒருமுறையேனும் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மன்னிக்காத ஊழியக்காரனின் கதையில் கரும்பலகைக் கணக்கு நன்றாக உதவியது. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 நாள் கூலி என்றால், ராஜா அவனுக்குத் தள்ளுபடி செய்த 10,000 தாலந்து கடன் 6 கோடி நாள் கூலி. அவனோ 100 நாள் கூலி அளவு கடனுக்காகச் சக ஊழியக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான்.

நல்ல சமாரியன் வகுப்புதான் ஏமாற்றம். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் இறங்கும் அந்தப் பாதையைப் பற்றி அருமையாகத் தொடங்கிவிட்டு, பாதியில் மருத்துவ உதவி நிதிக்கான வேண்டுகோளாக மாற்றிவிட்டார்கள். நிதி தேவைதான். ஆயினும், எனக்குப் பிறன் (அயலான்) யார் என்று கேட்ட நியாயசாஸ்திரியிடம் (யூதச் சட்ட அறிஞரிடம்), அந்தப் பாதையில் கள்ளரால் அடிபட்டவனுக்குப் பிறனாயிருந்தவன் யார் என்று இயேசு திருப்பிக் கேட்பதைப் பேச நேரமே இல்லாமல் போனது. கெட்ட குமாரன் உவமையிலும் இதே குறைதான்: பாவிகளோடு இயேசு சாப்பிடுகிறார் என்று யூத சமயக் கண்டிப்பாளரான பரிசேயர் முறுமுறுத்ததற்கு மறுமொழியாகச் சொல்லப்பட்ட கதையில், திரும்பி வந்த தம்பிக்கு விருந்து வைத்ததால் வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நிற்கும் மூத்த மகனுக்குக் கடைசி ஐந்து நிமிடமே கிடைத்தது. லெந்து காலத்தில் தவறாமல் ஆலயத்துக்கு வரும் நம்மைப் போன்றவர்கள் அவனோடுதான் அதிக நேரம் நின்றிருக்க வேண்டும்.

ஒலிபெருக்கி எதிரொலிப்பதால் முன்வரிசையில் அமர்வது நல்லது. தரப்படும் நகல் தாளில் எழுத்து மிகச் சிறியது. சொந்த வேதாகமத்தை எடுத்துச் செல்லுங்கள். இருசக்கர வாகனங்களை வளாகத்துக்குள் நிறுத்தலாம். காரில் வருபவர்கள் தெருவில்தான் இடம் தேட வேண்டும்.