பாரிஸ் மெட்ரோ: டயரா, எஃகுச் சக்கரமா?

பாரிஸ் மெட்ரோவில் இரண்டுமே ஓடுகின்றன. 1, 4, 6, 11, 14 ஆகிய தடங்களில் ரப்பர் டயர், மற்றவற்றில் எஃகுச் சக்கரம். புதிதாக ஒரு தடம் போடுவதென்றால் என் ஓட்டு எஃகுக்குத்தான்.

டயரின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடலாம். பிடிமானம் அதிகம், சட்டென வேகமெடுக்கும், ஏற்றத்தில் திணறாது. ஏற்றமும் வளைவும் நிறைந்த 11-ஆம் தடத்துக்கு 1956-ல் முதலில் டயர் வந்தது அதனால்தான். நெரிசல் மிகுந்த 1, 4 தடங்கள் 1960-களில் மாறின. 6-ஆம் தடத்தில் கிட்டத்தட்டப் பாதி, வீடுகளை ஒட்டிய மேம்பாலம். இரைச்சலையும் அதிர்வையும் குறைக்க 1974-ல் அதையும் மாற்றினார்கள்.

ஆனால் பராமரிப்பு என்று வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. டயர் தடத்தின் நடுவிலிருந்து ஒரு பக்கமாகப் பாருங்கள்: முதலில் வழக்கமான தண்டவாளம், அதையடுத்து டயர் உருளும் பட்டை, அதற்கும் வெளியே 750 வோல்ட் மின்சாரம் பாயும் வழிகாட்டிச் சட்டம். இரு பக்கமும் சேர்த்து ஆறு. எஃகுத் தடத்துக்கு இரண்டு தண்டவாளமும் ஒரு மின்தண்டவாளமும் போதும். ரயில் பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டகமான போகியிலும் இதே கதைதான்: பாரம் தாங்கும் டயர் நான்கு, சட்டத்தில் படுத்து உருளும் சிறிய டயர் நான்கு, டயருக்குப் பின்னால் எஃகுச் சக்கரம் நான்கு.

அந்த எஃகுச் சக்கரத்தை எடுத்துவிட முடியாது. பாயிண்ட்டில் தண்டவாளம் பிரியும் இடத்தில் வழிகாட்டிச் சட்டம் விட்டுப்போகும். அங்கே ரயிலைத் திருப்புவது எஃகுச் சக்கரத்தின் ஆழமான விளிம்பு. டயரில் காற்று இறங்கினாலும் அந்தச் சக்கரம்தான் தண்டவாளத்தில் இறங்கித் தாங்கும். ஆக, டயர் வைத்தால் இரண்டையும் கட்டி மேய்க்க வேண்டும்.

எஃகிலும் கோளாறு வரும். பிரேக் இறுகிச் சக்கரம் வழுக்கினால் ஓரிடம் தட்டையாகி, சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று இடிக்கும். பணிமனையில் சக்கரத்தைக் கழற்றாமலே கடைந்து சரிசெய்துவிடலாம். தேய்ந்த டயரைக் கடைய முடியாது, மாற்றத்தான் வேண்டும். வளைவில் எஃகு கிறீச்சிட்டால் மசகு போட வேண்டும். தண்டவாளத்தின் மேற்பரப்பு அலை அலையாகத் தேய்ந்தால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். இவை பழகிய வேலைகள்.

இன்னொன்று வெப்பம். டயர் நசுங்கி நசுங்கி உருள்வதால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறது; அது வெப்பமாகிச் சுரங்கத்திலேயே தங்குகிறது.

எல்லாத் தடங்களையும் டயருக்கு மாற்றப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று தெரிந்ததும், பாரிஸே மற்ற தடங்களுக்கு எம்எஃப் 67 என்ற எஃகுச் சக்கர ரயிலை வாங்கியது. நகரைச் சுற்றி இப்போது கட்டும் 15, 16, 17 தடங்களும் எஃகுதான்.

சுவிட்சர்லாந்தில் லொசான் நகரத்தின் எம்2 மெட்ரோ போல 12 சதவீதம் வரை ஏறும் தடத்தில் நான் வாதாட மாட்டேன், அங்கே டயர்தான். 11-ஆம் தடத்தை 2024-ல் ரோஸ்னி வரை டயரோடே நீட்டியதும் சரி. பழைய பகுதியில் ஓடும் ரயில்தானே புதிய பகுதியிலும் ஓட வேண்டும்.