சின்ன நாய்க்கு உண்ணி எடுக்கக் கடையில் விடுகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ஈரோடு, பெருந்துறை, சென்னிமலைப் பக்கம் பொமரேனியன், பக், டாஷண்ட் மாதிரி சின்ன நாய் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாயைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடைகளில் இப்போது 'டிக் பேக்கேஜ்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உண்ணியைப் பிடுங்கி, மருந்துத் தண்ணீர் ஊற்றி, சென்ட் அடித்துத் திருப்பித் தருவார்கள். அப்படி ஒரு கடையில் விட்டதில் எங்கள் பஞ்சு செத்துப் பிழைத்து வந்திருக்கிறாள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். அங்கே என்ன செய்தார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதையே செய்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன.

பஞ்சு நாலு கிலோவுக்குச் சற்று மேல். அடர்ந்த வெள்ளை முடி. மாமியார் ஊர்த் தோட்டத்துக்குப் போய், அங்கிருக்கிற நாய்களோடு வாசலில் புரண்டு விளையாடிவிட்டு வந்தாள். அப்புறம் ஒரு வாரம் போல இருக்கும், காதைச் சொறிந்துகொண்டே இருந்தாள். முடியை விலக்கிப் பார்த்தால் காது மடலுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் எல்லாம் உண்ணி. சிலது எள்ளளவுதான். ரத்தம் குடித்து ஊதியவை கொட்டமுத்து மாதிரி சாம்பல் நிறத்தில் பளபளவென்று தொங்கின. காதுக்குள் ஆழத்தில் இருந்ததைத் தொட விடவில்லை. அதனால்தான் கடை.

அந்தக் கடையின் போர்டில் 'கால்நடை மருத்துவர் மேற்பார்வையில்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அதை நம்பித்தான் உள்ளே போனோம். "டாக்டர் இருக்கிறாரா?" என்று கேட்டதற்கு, "இப்பத்தானுங்க்கா வெளிய போனாரு, எங்களுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காரு" என்றார்கள். நாயை எடை போடவில்லை. வயது கேட்கவில்லை. வலிப்பு வந்திருக்கிறதா, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாளா என்று ஒரு கேள்வி இல்லை. உண்ணி எடுக்க, மருந்துக் குளியல், ஸ்பா என்று 1,800 ரூபாய்க்குப் பில் போட்டு, பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் பஞ்சுவின் காதை மடக்கிப் பிடித்து, நகத்தாலேயே கிள்ளிக் கிள்ளி எடுத்தான். கையுறை இல்லை. எடுத்ததைத் தரையில் போட்டுச் செருப்பால் தேய்த்தான். அவள் ஒவ்வொரு தடவையும் துள்ளினாள். கதவைத் தட்டி "மெதுவாப் பண்ணுங்க தம்பி" என்று சொன்னேன். "வெளிய உக்காருங்க்கா, நீங்க நின்னா அது அடங்காது" என்று திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். உள்ளே இருந்து மண்ணெண்ணெய் மாதிரி நெடி வந்தது. கேட்டால் "ஹெர்பல் டிப்" என்று பதில்.

பஞ்சுவைக் கையில் கொடுத்தபோதே கழுத்து நிற்கவில்லை. "குளிச்ச அசதிங்க்கா" என்றார்கள். வீட்டுக்கு வருவதற்குள் வாயில் நுரை தள்ளி வாந்தி எடுத்தாள். இறக்கிவிட்டால் பின்னங்கால் பின்னிக்கொண்டு சாய்கிறாள். உடம்பு சில்லென்று இருந்தது. கடைக்குப் போன் போட்டேன். "மருந்து மயக்கந்தானுங்க்கா, தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிரும்." இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் நம்பாதீர்கள். உண்ணி மருந்து ஊற்றிய நாய் தள்ளாடினால் அது தூக்கம் இல்லை, விஷம் ஏறுகிற அடையாளம்.

எங்கள் பக்கத்தில் வெகுகாலமாக வைத்தியம் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து ஊத்துனாங்க அம்மிணி?" எங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் கடைக்குப் போன் போட, மறுபடியும் ஹெர்பல் என்றார்கள். டாக்டரே போனை வாங்கி அதட்டிய பிறகுதான் உண்மை வந்தது. "மாட்டுக்கு அடிக்கிற மருந்துதானுங்க சார். அமிட்ராஸ். பக்கெட்டுல ரெண்டு மூடி ஊத்துனோம்." எந்த பக்கெட், எத்தனை லிட்டர், எந்த மூடி, எதற்கும் பதில் இல்லை.

அமிட்ராஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் கட்டுத்தரை இருக்கிற வீடுகளில் இந்த பாட்டில் அநேகமாக இருக்கும். 12.5 சதவீதம் என்று லேபிளில் போட்டிருக்கும். தண்ணீரில் விட்டால் வெள்ளையாகக் கலங்கும். அளவோடு, கால்நடை மருத்துவர் சொன்னபடி பயன்படுத்தினால் இது நல்ல மருந்துதான், நாய்க்கும் ஊற்றுவது உண்டு. ஆனால் லிட்டருக்குச் சில மில்லிதான் கணக்கு, அதையும் ஊசிக் குழாயில் அளந்து தண்ணீரில் விட வேண்டும். மூடியில் ஊற்றினால் இரட்டிப்பா நாலு மடங்கா என்று யாருக்குத் தெரியும்? அளவு மீறினால் இதயத் துடிப்பு குறையும், உடம்புச் சூடு இறங்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், நாய் மயங்கிக் கிடக்கும். நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சிவாவா ஜாதிக்கும் ஆகவே ஆகாது. ஊற்றிய பிறகு நக்கவிட்டால் வயிற்றுக்குள்ளும் போய்ச் சேரும். பெரிய நாய் தாங்கிக்கொள்கிற தவறைச் சின்ன நாய் தாங்காது.

டாக்டர் வெதுவெதுப்பான தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் மருந்தைக் கழுவி எடுத்தார். துண்டில் சுற்றிச் சூடு காட்டி, குளுக்கோஸ் பார்த்து, டிரிப் ஏற்றினார். இந்த விஷத்துக்கு முறிவு ஊசி இருக்கிறது, ஆனால் என்ன மருந்து பட்டது என்று தெரிந்தால்தான் தைரியமாகப் போட முடியும் என்றார். லேபிள் இல்லாத பாட்டிலில் இருந்து ஊற்றுவதும், கேட்டால் பொய் சொல்வதும் எத்தனை பெரிய துரோகம் என்று அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ராத்திரி முழுக்க அங்கேயே வைத்திருந்தார். விடியும்போது தலையைத் தூக்கினாள்.

மறுநாள் அவர் காதைப் பார்த்தபோது பிய்ந்துபோன உண்ணியின் வாய்ப்பாகம் தோலுக்குள் கருப்புப் புள்ளியாக இருந்தது, சுற்றிலும் சிவந்த தடிப்பு. "இத நோண்டக் கூடாது. மருந்து போட்டு விட்டாத் தானா தள்ளிரும்" என்றார். மிச்சம் இருந்த உண்ணிகளை எங்கள் முன்னாலேயே எடுத்துக் காட்டினார். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவே பாதிதான்.

முடியை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் இரண்டு பக்கமும் படிய வைத்து, உண்ணி கடித்திருக்கிற இடத்தில் தோல் தெரியும்படி செய்தார். கூர்முனை ட்வீசரைத் தோலோடு ஒட்டிப் படுக்க வைத்து, உண்ணியின் வயிற்றைத் தொடாமல், வாய் தோலுக்குள் போகிற இடத்தைப் பிடித்தார். திருகவில்லை, வெடுக்கென்று இழுக்கவும் இல்லை. ஒரே சீராக நேர் மேலே இழுத்தபடி பொறுத்திருந்தார். தோல் கூடாரம் போலச் சற்று எழும்பி, சட்டென்று விட்டது. உண்ணி முழுசாக, கால்களை அசைத்தபடி ட்வீசரில். பஞ்சு முனகக்கூட இல்லை. அதை ஸ்பிரிட் இருந்த சின்ன பாட்டிலில் போட்டு மூடினார். காயத்தைக் கிருமிநாசினியால் துடைத்தார். உண்ணி எடுக்கவென்றே பிளவு போட்ட பிளாஸ்டிக் கொக்கியும் விற்கிறார்கள், அதை மட்டும்தான் மெல்லச் சுழற்றி எடுக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உண்ணியை விரலில் நசுக்காதீர்கள். அதற்குள் இருக்கும் கிருமி நம் தோல் கீறலிலும் ஏறும்.

மண்ணெண்ணெய் தடவுவது, ஊதுபத்தியால் சுடுவது, சுண்ணாம்பு வைப்பது எல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் செய்ததுதான். எங்கள் அமுச்சியும் வேப்பெண்ணெயைக் குழைத்து வைப்பார். ஆனால் கடித்துக்கொண்டிருக்கிற உண்ணியை எரிச்சல்படுத்தினால், அது வயிற்றில் இருப்பதை நாயின் ரத்தத்துக்குள்ளேயே கக்க வாய்ப்பு இருக்கிறது. புகையிலைத் தண்ணீர் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். நிக்கோடின் தோல் வழியாகவே ஏறி நாயைக் கொன்றுவிடும்.

உண்ணியை எடுத்துவிட்டதோடு கதை முடிவதும் இல்லை. நாய் உண்ணி எர்லிகியா, பேபீசியா என்ற ரத்த நோய்களைக் கொண்டுவருகிறது. எர்லிகியா பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் தலைகாட்டும். சாப்பாட்டில் நாட்டம் குறைவது, காய்ச்சல், ஈறு வெளுத்துப் போவது, மூக்கில் ரத்தம், காப்பி நிறத்தில் சிறுநீர், இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் குறைந்திருந்தால் அதுவே ஒரு தடயம். நேரத்தில் பிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். உள்ளூரில் வசதி இல்லையென்றால், திருச்செங்கோடு வழியாக நாமக்கல் போனால் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கோழிக்கும் மாட்டுக்கும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், நாயையும் பார்ப்பார்கள்.

அப்புறம் வீடு. ஊதிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். அந்தக் கடைக்காரர்கள் "ஒரே தடவைல உண்ணியே இருக்காது" என்று சொன்னது அப்பட்டமான பொய். நாயைப் படுக்க வைக்கிற துணியைக் கொதிக்கிற தண்ணீரில் துவைத்து, இடுக்குகளைத் திரும்பத் திரும்ப வேக்குவம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கடையின் கூண்டுச் சுவரிலேயே உண்ணி ஊர்ந்ததை நான் பார்த்தேன்.

அங்கே இன்னொன்றும் பார்த்தேன். மேசை மேல் உண்ணி மாத்திரை ஒன்றைப் பிளேடால் நாலாக வெட்டி, அட்டை இல்லாமல் வைத்திருந்தார்கள். பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கித் துண்டு போட்டு, சின்ன நாய்க்காரர்களுக்கு விற்கிறார்கள். அஃபோக்ஸோலனர், ஃப்ளூரலானர் வகை மாத்திரைகள் எடை வாரியாகத் தனித்தனி அட்டையில் வருகின்றன, இரண்டு கிலோவில் இருந்தே சின்ன நாய்க்கென்று உண்டு. வெட்டின துண்டில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதற்கு உத்தரவாதமே இல்லை. இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்திருக்கிறது. எடையும் பழைய வலிப்பும் கேட்காமல் எவரும் இதைக் கொடுக்கக் கூடாது. நம் கண் முன்னால் அட்டையை உடைத்து, எடையையும் காலாவதித் தேதியையும் காட்டிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "உங்க நாய்க்கு முன்னாடியே ஏதோ சீக்கு இருந்திருக்கும்" என்றார்கள். பில், போன் பேச்சுப் பதிவு, டாக்டர் எழுதிய கேஸ் சீட்டு, போர்டின் படம் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதியிருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் கால்நடை வைத்தியம் செய்யலாம். அதனால் தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறது.

உங்கள் நாயை விட்ட கடையிலும் இதே போர்டு இருந்தால், அந்த மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் என்ன என்று கேளுங்கள். நாங்கள் எழுத்தில் கேட்டிருக்கிறோம். அந்தக் கடையில் இருந்து இன்னும் எண் வரவில்லை.