குபெர்னெட்டிஸ் நேம்ஸ்பேஸ்: பிரிக்கும், ஆனால் பூட்டாது

அப்ளிகேஷன்களைப் பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில், ஒரே கிளஸ்டரில் (சேர்ந்து வேலை செய்யும் கணினிகளின் தொகுப்பு) மூன்று நான்கு டீம்கள் வேலை செய்தால் நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பெயரிட்டுப் பிரிக்கும் பகுதி) இல்லாமல் காலம் தள்ள முடியாது. டெவ் (உருவாக்கும் இடம்), ஸ்டேஜிங் (சோதிக்கும் இடம்) என்ற இரண்டு நேம்ஸ்பேஸிலும் ஒரே பெயரில் சர்வீஸ் வைக்கலாம், ரிசோர்ஸ் கோட்டா போட்டால் ஒரு டீமே மொத்த மெமரியையும் விழுங்காது. அருமையான வசதி. ஆனால் இதைப் பாதுகாப்புச் சுவர் என்று நம்பிவிடாதீர்கள். நெட்வொர்க் பாலிசி (எது எதோடு பேசலாம் என்ற விதி) எழுதாதவரை, டெவ்வில் இருக்கும் பாட் (அப்ளிகேஷன் ஓடும் சிறு அலகு) 'பேமென்ட்.ப்ராட்', அதாவது ப்ராட் நேம்ஸ்பேஸில் உள்ள பேமென்ட் சர்வீஸ், என்று கூப்பிட்டாலே போதும், ப்ராடக்ஷன் சர்வீஸுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பாலிசி எழுதினாலும் அதை அமல்படுத்த காலிகோ, சிலியம் மாதிரி ஒரு நெட்வொர்க் பிளகின் வேண்டும், இல்லாவிட்டால் அது சும்மா கிடக்கும். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது இதுதான். அப்புறம், நேம்ஸ்பேஸை அழித்தால் உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்தே போய்விடும், அழிக்கும் உரிமையை ஆர்பேக்கில் (யாருக்கு என்ன அனுமதி என்று வரையறுக்கும் வசதி) ஓரிருவருக்கு மட்டும் கொடுங்கள்.