தையல் கடைக்கு எஸ்எம்எஸ்ஸா, வாட்ஸ்அப்பா?

துணி தயார் என்று ஒரு செய்தி, ஆடித் தள்ளுபடி என்று இன்னொன்று. தையல் கடை வாடிக்கையாளருக்கு அனுப்புவது பெரும்பாலும் இவ்வளவுதான். இரண்டையும் ஒரே வழியில் அனுப்புவதால்தான் காசு வீணாகிறது.

எஸ்எம்எஸ்ஸுக்கு இணையம் வேண்டாம், பட்டன் போனிலும் சேரும். ஆனால் மொத்தமாக அனுப்ப, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் (மொத்த எஸ்எம்எஸ் அனுப்புவோரைப் பதிவு செய்யும் தளம்) கடையைப் பதிவு செய்து, ஹெடருக்கும் (அனுப்புநர் பெயர்) டெம்ப்ளேட்டுக்கும் (செய்தியின் நிலையான வாசகம்) ஒப்புதல் பெற வேண்டும். பெயர், தேதி போன்ற மாறும் இடங்களைத் தவிர ஒரு சொல் மாறினாலும் செய்தி வழியிலேயே நின்றுவிடும். 2024 அக்டோபர் முதல், பதிவு செய்யாத லிங்க் இருந்தாலும் அதே கதிதான். தள்ளுபடிச் செய்தி டிஎன்டியில் (விளம்பரம் வேண்டாம் என்று பதிவு செய்தவர் பட்டியல்) உள்ளவர்களுக்குப் போகாது.

பலர் கவனிக்காத செலவு தமிழில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். “உங்கள் தையல் துணி தயார். இன்று மாலை 6 மணிக்குள் வாங்கிக்கொள்ளலாம்.” கண்ணுக்கு 31 எழுத்துதான், இடைவெளியும் மற்றதும் சேர்த்தால் 66. கடைப் பெயரைச் சேர்த்ததும் 70 தாண்டி, இரண்டு செய்திக்கான கட்டணம் விழும். (ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு ₹ குறி நுழைந்தாலும் 160 போய் 70 ஆகிவிடும்.) “துணி தயார். மாலை 6க்குள் வரவும்” என்று சுருக்கினால் கடைப் பெயருக்கும் தாராளமாக இடம் கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் இந்த நெருக்கடி இல்லை, படமும் போகும். இலவச பிசினஸ் ஆப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பட்டியல்) 256 பேர். கடை எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது சேரும். ஒற்றை டிக்கோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேசையில் கடையின் வாட்ஸ்அப் க்யூஆர் ஒட்டி, வாடிக்கையாளரையே முதல் செய்தி அனுப்பச் சொல்லி, எண்ணையும் அங்கேயே சேமிக்கச் சொல்லுங்கள். முன்பின் அறியாத எண்களுக்கு அள்ளி வீசினால் பிளாக்கும் புகாரும் சேர்ந்து கணக்கே முடங்கும். ஆண்டுக்கணக்கில் சேர்த்த தொடர்பெல்லாம் ஒரே நாளில் போகும்.

வாடிக்கையாளர் ஆயிரக்கணக்கில் இருந்தால் வாட்ஸ்அப் ஏபிஐ (மென்பொருள் மூலம் செய்தி அனுப்பும் கட்டண வழி) பக்கம் போகலாம். விளம்பர டெம்ப்ளேட்டுக்குக் கட்டணம் எஸ்எம்எஸ்ஸைவிடப் பல மடங்கு. ‘துணி தயார்’ டெம்ப்ளேட்டில் “புது டிசைன் வந்திருக்கிறது” என்று ஒரு வரி நுழைத்தாலும் அது விளம்பரக் கணக்கில் ஏறிவிடும். வாடிக்கையாளர் பதில் போட்டால் 24 மணி நேரத்துக்கு டெம்ப்ளேட் இல்லாமலே பேசலாம்.

எங்கள் தேர்வு: துணி தயார் என்றால் எஸ்எம்எஸ், தள்ளுபடி என்றால் வாட்ஸ்அப். இருநூறு பேருக்குள் இருக்கும் கடைக்கு டிஎல்டியே வேண்டாம். இலவச ஆப்பும், பட்டன் போன்காரர்களுக்கு ஒரு அழைப்பும் போதும். அளவு எடுக்கும்போதே “வாட்ஸ்அப் இருக்காம்மா? தள்ளுபடி வந்தா அனுப்பலாமா?” என்று கேட்டு, பதிலை அளவு நோட்டிலேயே குறித்துவிடுங்கள்.