மலிவு பொம்மை ரயில் இன்ஜின்: மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால்

தண்டவாளத்தோடு ஒரே பெட்டியில் வரும் மலிவு ரயில் செட் இன்ஜின்களைத்தான் பல வருஷங்களாக ஓட்டி வருகிறேன். எல்லாம் ஹெச்ஓ அளவு: நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு (1:87), தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., 12 வோல்ட் டிசி. இவற்றைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான். வேகமாகப் பறக்கும், மெதுவாக ஓட்டினால் திக்கித் திக்கி நின்றுவிடும். உடனே மோட்டார் மட்டம் என்று மாற்றக் கிளம்புகிறார்கள். நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலும் மோட்டார் மேல் குற்றமில்லை. அதற்கு மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்த வகையில் பல இன்ஜின்களில் ஒரு போகியில்தான் (இன்ஜினின் அடியில் முன்னும் பின்னும் உள்ள, திரும்பக்கூடிய சக்கரத் தொகுதி) மோட்டார் இருக்கும். அந்தப் போகி ஒரு பக்கத் தண்டவாளத்திலிருந்தும், மற்றது எதிர்ப்பக்கத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும். போதாததற்கு, பிடிமானத்துக்காகச் சில சக்கரங்களில் ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். ரப்பர் வழியாக மின்சாரம் வராது. மிஞ்சிய ஓரிரு சக்கரங்களுக்கு அடியில் கொஞ்சம் தூசி வந்தாலே வண்டி நின்றுவிடும்.

அதனால் முதலில் துடையுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியைச் சக்கர விளிம்பில் ஒட்டிப் பிடித்தால் கறுப்பாக வரும். அது நிற்கும்வரை துடைக்க வேண்டும். உப்புத்தாள் வேண்டாம். அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும்.

அப்புறம் மின்சாரம் எடுக்காத உலோகச் சக்கரங்களையும் வேலைக்குச் சேர்க்க வேண்டும். என் இன்ஜின்களின் குணத்தையே மாற்றியது இந்த ஒரு வேலைதான். மெல்லிய பாஸ்பர் வெண்கலத் தகட்டைச் சன்னமாக நறுக்கி, போகியின் அடியில் ஒட்டிய சர்க்யூட் போர்டுத் துண்டில் சால்டர் செய்து, நுனி சக்கரத்தின் உள்முகத்தைத் தொடும்படி வளைக்கிறேன். விரலால் சுண்டினால் சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். இறுகினால் தகடே பிரேக் ஆகிவிடும். அங்கிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயர் நூல் மாதிரி துவள வேண்டும். விறைப்பான ஒயர் வளைவில் போகியைத் தூக்கி வண்டியைத் தடம் புரட்டும். பல அச்சுகளில் ஒரு பக்கச் சக்கரம் மட்டுமே இன்சுலேட் ஆகியிருக்கும். அப்படிப்பட்ட அச்சில் இரண்டு பக்கமும் தகடு வைத்தால் ஷார்ட் ஆகாமல் இருக்க, தகடுகள் இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இழுவைக்கு எடை சேர்க்கலாம். மோட்டார் உள்ள போகிக்கு நேர் மேலே ஈயத்துண்டு வைப்பது நல்லது. தொட்ட பிறகு கையைக் கழுவிவிடுங்கள். எடை அளவாக இருக்கிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினை லேசாகத் தடுத்துப் பிடியுங்கள். சக்கரம் வழுக்கிச் சுற்றினால் சரி. சுற்றாமல் மோட்டார் உறுமினால் எடை அதிகம், மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும்.

பல்புக்குப் பதில் எல்இடி போட 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும், 10 மில்லி ஆம்பியர் அளவில் நன்றாகவே எரியும். ஆனால் பின்னோக்கி ஓட்டும்போது மின்துருவம் திரும்பிவிடும். சாதாரண எல்இடி 5 வோல்ட்டுக்கு மேல் தலைகீழ் மின்னழுத்தம் தாங்காது. எல்இடிக்கு இணையாக (பேரலலாக), எதிர்த்திசையில் ஒரு சிறிய டையோடைச் சேர்த்துவிட்டால் கவலையில்லை.

சீரான இடைவெளியில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் அச்சில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறதா பாருங்கள். பசை நிற்காது, புதிதுதான் போட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் மெதுவாக ஓடவில்லை என்றால்தான் மோட்டார் பக்கம் போவேன். டிசிசி டிகோடர் (தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிறு சர்க்யூட்) இந்த இன்ஜின்களுக்கு நான் கடைசியாகத்தான் சொல்வேன். பலவற்றில் மோட்டாரின் ஒரு பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் துண்டு) நேராக உலோகச் சட்டத்தையே தொட்டிருக்கும். அதைப் பிரித்து இன்சுலேட் செய்யாமல் இணைத்தால் டிகோடர் எரிந்துபோகும். டிகோடர் விலையோ சில சமயம் இன்ஜின் விலையையே தாண்டும்.