கோல்ஃபில் தூரம் கூட எது உதவும்: ஜிம்மா, வேகப் பயிற்சியா, புது டிரைவரா?

கொழும்பிலிருந்து கோல்ஃப் ஆட வருபவர்களின் டிரைவ், அதாவது டிரைவர் என்ற நீள மட்டையால் அடிக்கும் முதல் அடி, நுவரெலியாவில் தானாகவே கொஞ்சம் நீளும். சுவிங் (மட்டை வீச்சு) திருந்திவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஊர் ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. கீழே 200 யார் தூரம் பறக்கும் பந்து இங்கே 210ஐத் தொடும். குளிர் அதில் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மழை நாட்களில் தரை ஊறிக் கிடப்பதால் விழுந்த பந்து உருளவும் மாட்டாது. ஆகவே இங்கே பறக்கும் தூரத்தை வைத்துத்தான் கணக்கு.

ஜிம் கட்சிக்காரர்கள் அமெரிக்க வீரர் பிரைசன் டிசாம்போவைக் காட்டுவார்கள். உடம்பை ஏற்றி 2020 அமெரிக்க ஓப்பனை ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றவர். உண்மைதான், ஆனால் அவர் வெறும் பளு தூக்கவில்லை, சுவிங் வேகத்துக்கும் தனியாக உழைத்தார். ஏற்ற இறக்கத்தில் நடந்து வளர்ந்த நம்மவர்களுக்குக் காலில் வலு ஏற்கெனவே உண்டு. குறைவது இடுப்பும் மேல்முதுகும் திரும்பும் அளவு. அதற்குப் பளுவைவிட உடல் தளர்த்தும் பயிற்சி மேல்.

வேகப் பயிற்சிக்கு விலை கொடுத்துக் கம்பி வாங்கத் தேவையில்லை. டிரைவரைத் தலைகீழாகத் திருப்பி, தலைப் பக்கம் பிடித்து முழு வேகத்தில் வீசுங்கள். ‘உஸ்’ சத்தம் வலது தோள் பக்கம் கேட்டால் வேகத்தை அவசரப்பட்டுச் செலவழிக்கிறீர்கள். பந்து இருக்கும் இடத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும். மட்டை இறங்கும்போது இடுப்பு முந்தி, கை பிந்தினால் அது தானாக வரும். தினமும் செய்யக்கூடாது, முதுகு பழிவாங்கும். உடம்பைச் சூடேற்றாமல் காலைக் குளிரில் செய்யவே கூடாது.

புது டிரைவர்தான் இருப்பதிலேயே செலவான வழி. முகப்பு பந்தைத் தள்ளும் வேகத்துக்கு விதியே வரம்பு கட்டியிருக்கிறது. நடுவில் அடிப்பவருக்குப் பத்து வருடப் பழைய டிரைவருக்கும் இன்றையதற்கும் பெரிய இடைவெளி இல்லை. ஓரத்தில் படும் அடியைப் புதியது ஓரளவு மன்னிக்கும், அதை மறுக்கவில்லை. கம்பை நீட்டினால் வேகம் கூடும், ஆனால் நடுவில் படுவது இன்னும் கஷ்டமாகும்.

என் வோட்டு, யாரும் பேசாத நான்காவது வழிக்கு: நடுவில் படுவது. மணிக்கு 95 மைல் வேகத்தில் சுழற்றுபவர் சரியாக அடித்தால் பந்து 140 மைலில் கிளம்பும். சற்று ஓரத்தில் பட்டால் 131. மைலுக்கு இரண்டு யார் என்று போட்டாலும் ஏறக்குறைய 18 யார் நஷ்டம். அதை வேகத்தால் ஈடுகட்ட ஏழு மைல் கூட்ட வேண்டும், அது மாதக்கணக்கான வேலை. மட்டைப் பை சுமக்கும் அனுபவமுள்ள கெடி அண்ணன்மார் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். “பலம் போதும் சேர், ஹீல்ல படுது” (ஹீல் என்றால் முகப்பில் கம்பை ஒட்டிய ஓரம்) என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஜிம்முக்குப் பணம் கட்டப் போனவர் பவுடர் டின் வாங்கினார்.

பவுடர் எதற்கு? டிரைவர் முகப்பைத் துடைத்து, மெல்லியதாகப் பவுடர் தடவி அடித்துப் பாருங்கள். பந்தின் தடம் அப்படியே பதியும். பனி காய்ந்த பிறகு செய்யுங்கள், ஈரத்தில் குழம்பிவிடும். தடம் உள்பக்கம், ஹீலை ஒட்டி விழுந்தால் பந்துக்கு மிக அருகில் நிற்கிறீர்கள், அல்லது இறங்கும்போது உடல் முன்னே சாய்கிறது. கீழே விழுந்தால் பின்சுழல் ஏறி, பந்து எழும்பி நின்றுவிடும். பந்தைத் தாங்கும் டீ ஆணியை உயர்த்தி, பந்தை இடது குதிகாலுக்கு நேரே வையுங்கள். நடுவுக்குச் சற்று மேலே தடம் விழுவதுதான் தூரத்துக்கு நல்லது.

மைதானத்தையும் பார்க்க வேண்டும். 1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் இருபக்கமும் மரம், பாதை ஒடுக்கம். அங்கே கூடுதல் வேகம் பந்தைக் காட்டுக்குள் இன்னும் ஆழமாக அனுப்பும். திகனவில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டிய மைதானம் கூடுதல் விசாலம். வேகத்துக்கு உழைத்தவருக்கு அங்கே பலன் தெரியும். நுவரெலியாவில் மட்டும் ஆடுபவர் முதலில் பவுடரோடு நிற்கட்டும். தடம் நடுவில் கூடிய பிறகு வேகப் பயிற்சி. அதற்குப் பிறகும் காசு மிஞ்சினால் டிரைவர், அதுவும் முகப்பு 9 பாகை சாய்ந்ததல்ல, 10.5.