பாத்திரம் கழுவும் லிக்விட் கிட்: உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் செய்முறைத் தாளை அப்படியே நம்பிச் செய்யாதீர்கள். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் வாங்கிய, வீட்டிலேயே 10 லிட்டர் லிக்விட் கலக்கிக்கொள்கிற கிட் பற்றிச் சொல்கிறேன். ஆசிட் ஸ்லரி என்கிற அழுக்கெடுக்கும் அமிலக் குழம்பு, அதன் புளிப்பை முறிக்கக் காஸ்டிக் சோடா, எஸ்எல்இஎஸ் என்கிற நுரை தரும் கெட்டியான ஜெல், உப்பு, கலர், எலுமிச்சை சென்ட் எல்லாம் தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பாட்டில் பாட்டிலாக வாங்குவதைவிடக் கணக்குக்குக் கட்டுப்படியாகிறது, நுரையும் நன்றாகவே வருகிறது.

சிக்கல் உப்பில்தான். "உப்பு முழுவதையும் போடவும்" என்று தாளில் இருக்கிறது. அது நல்ல தண்ணீர் ஊருக்கு எழுதியது. லிக்விடைக் கெட்டியாக்குவது உப்புதான், ஆனால் அளவு தாண்டினால் அதே உப்பு அதை நீர்க்க வைத்துவிடும், அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் கெட்டியாகாது. மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி பக்கமெல்லாம் பல இடங்களில் போர் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது, அதன் மேல் பாக்கெட் உப்பையும் கொட்டினால் என்ன ஆகும்? அதனால் கலக்குவதற்குக் கேன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். உப்பைக் கடைசியில், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றுங்கள், பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள், மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

கழுவுவதற்குப் போர் தண்ணீர் போதும். சாதாரண சோப்பு என்றால் சிக்கல்: தேங்காய் எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்த்துச் செய்கிற அது, நம் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். குடிதண்ணீரில் கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. வாளி ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற தண்ணீர் எந்தப் பக்கம் என்று சொல்லவே வேண்டாம். எஸ்எல்இஎஸ் அந்தத் தண்ணீரிலும் நுரைக்கிறது, அதற்காகவே இந்தக் கிட்டை நான் சிபாரிசு செய்கிறேன்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். காஸ்டிக்கும் ஆசிட் ஸ்லரியும் கையில் பட்டால் புண்ணாகிவிடும், ஆனாலும் கிட்டில் ஒரு ஜோடி கையுறை இல்லை, பிஎச், அதாவது புளிப்பா காரமா என்று பார்க்கும் தாள் இல்லை, காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. பிளாஸ்டிக் வாளியில், காற்றோட்டமாக, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். முடிந்ததும் பிஎச் நடுநிலையான 7-ஐ ஒட்டி நிற்க வேண்டும். காஸ்டிக் தூக்கலாக இருந்தால் கையும் எரியும், அலுமினியச் சட்டியும் கறுத்துப்போகும்.

மீன் பாத்திரத்துக்கு எப்படி? பொரித்த சட்டியின் எண்ணெய்ப் பிசுக்கு சுத்தமாகப் போகிறது. கவிச்சி போகவில்லை, எலுமிச்சை சென்ட் அதை மூடி மட்டும் வைக்கிறது. அந்த வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உள்ளவை, புளிப்புக்குத்தான் அடங்கும். புளிச் சக்கையால் ஒரு தேய், பிறகு லிக்விட், அவ்வளவுதான்.

மண்சட்டியில் மட்டும் இதை ஊற்றிவிடாதீர்கள், உறிஞ்சி வைத்துக்கொண்டு அடுத்த குழம்பில் விடும். அதற்குச் சாம்பலும் தேங்காய் நாரும் வெந்நீரும் போதும்.